பதினாலாவது போர்ட்டை அணைப்பது யார்?

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கே சின்னவள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டாள். கையில் லேப்டாப். தோளில் பை. நெஞ்சுக்குள் நேற்று சொன்ன பொய்.

பொய் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டே வார்த்தை. "தெரியாது சார்."

திங்கட்கிழமையிலிருந்து இந்த மாடியில் ஒரே ரகளை. சனிக்கிழமைதான் ரத்தப் பரிசோதனை லேப் புது இடத்துக்கு மாறியிருந்தது. அதற்கு முன் அது நோயாளிகள் காத்திருக்கும் ஹால். திங்கள் காலை பதினொன்று பத்துக்கு லேபின் பெரிய மெஷின் நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துக்கொண்டது. பதினொன்று நாற்பதுக்குத் தானாகவே திரும்பி வந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே, நிமிஷம் பிசகாமல்.

அந்த அரை மணி நேரம் ரிசல்ட் எதுவும் வார்டுக்குப் போகாது. கம்பவுண்டர்கள் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள். நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெரியவரின் ரிசல்ட் இருபது நிமிஷம் தாமதம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கலாம் என்று டாக்டர் கத்திய கத்தல் லிஃப்ட் வரை கேட்டது.

நேற்று மெஷின் துண்டித்திருந்த அந்த அரை மணியில்தான் சின்னவள் கண்டுபிடித்தாள், இது பழுது இல்லை என்று. யாரோ கட்டளை கொடுத்து அணைக்கிறார்கள். கட்டளை கொடுக்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும்.

"அந்த பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று நிர்வாகி கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள்.

தெரியும். இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் அது தெரியும். அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்தவன். இரண்டு வருஷமாக வீட்டில் யாரும் பேரைக்கூடச் சொல்லாதவன். அவளுடைய அண்ணன். வீட்டில் பெரியவன்.

நிர்வாகி வெளியிலிருந்து பாதுகாப்பு நிபுணர்களை வரச் சொல்லியிருந்தார். இன்று மதியம் இரண்டு மணிக்கு வருகிறார்கள். வெளியாள் கைவரிசை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அடுத்தது போலீஸ்தான்.

இரண்டு மணிக்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பெரியவன்தானா? அவன்தான் என்றால், ஏன்?

*

"என்னம்மா, கடையை விரிச்சுட்டியா?"

லேப் அக்கா வந்துவிட்டாள். லேபின் பொறுப்பாளர். ஐம்பது வயது, அரை நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாத கால்கள். டாக்டர்களே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்க மெஷினோட கேபிளை பதினாலிலிருந்து எடுத்து பதினஞ்சுல போட்டுட்டேன் அக்கா. இன்னைக்கு உங்களுக்குப் பிரச்சினை வராது."

"அப்ப முடிஞ்சு போச்சே?"

"இன்னைக்குப் பதினாலை அணைக்கிற ஆள் நாளைக்குப் பதினஞ்சை அணைக்கலாமில்ல?"

லேப் அக்கா சுவரில் தொங்கிய கறுப்புப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். இருபத்து நாலு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீலக் கேபிள், பக்கத்தில் கடுகு அளவு பச்சை விளக்கு. "மூணு நாளா இதை ஸ்விட்ச் ஸ்விட்ச்னு சொல்றீங்க. லைட் போடுற ஸ்விட்ச்னு நெனச்சு நம்ம நிர்வாகி இதைத் தட்டித் தட்டிப் பார்த்தாரு, தெரியுமா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"இது தபால் ஆபீஸ் மாதிரி அக்கா. எந்த மெஷினிலிருந்து வந்த தகவல் எந்த மெஷினுக்குப் போகணும்னு பிரிச்சு அனுப்பும். இருபத்து நாலு ஓட்டைக்கும் போர்ட்னு பேரு."

"இதுகிட்ட நீ எப்படிப் பேசுற? காதுல சொல்லுவியா?"

"அதுக்கு ஒரு முறை இருக்கு. எஸ்.என்.எம்.பி.னு சொல்லுவோம். நான் கேள்வி கேட்பேன், அது பதில் சொல்லும். பதினாலாவது போர்ட் உயிரோட இருக்கா? இருக்கு. காலையிலிருந்து எவ்வளவு தகவல் போச்சு? இவ்வளவு. உனக்குச் சூடு எவ்வளவு? நாப்பத்தொரு டிகிரி. எல்லாத்துக்கும் கணக்கா பதில் வரும்."

"கேட்டதுக்கு மட்டும்தான் பதிலா?"

"கேட்டதுக்கு மட்டும். ரொம்ப அவசரம்னாத்தான் தானா வாயைத் திறக்கும்."

"என் மருமகன் மாதிரின்னு சொல்லு" என்றாள் லேப் அக்கா.

சின்னவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரையில் இரண்டு வரிகளைக் காட்டினாள்.

"இங்கே பாருங்க. ஒவ்வொரு போர்ட்டைப் பத்தியும் ரெண்டு கேள்வி கேட்கலாம். நீ இப்ப எப்படி இருக்கே? அது ஒண்ணு. நீ எப்படி இருக்கணும்னு உனக்கு உத்தரவு? அது இன்னொண்ணு. கேபிள் அறுந்து போச்சுன்னா உத்தரவு 'ஆன்'னு இருக்கும், நிலைமை 'ஆஃப்'னு வரும். ரெண்டு நாளா நான் நிலைமையை மட்டும்தான் பார்த்தேன். கேபிளை மாத்தினேன், பிளக்கை மாத்தினேன், எலி கடிச்சிருக்கான்னுகூடப் பார்த்தேன். நேத்துத்தான் உத்தரவைக் கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"உத்தரவே 'ஆஃப்'னு சொல்லிச்சு. அணைஞ்சு போகலை அக்கா. அணைக்கச் சொல்லியிருக்காங்க."

லேப் அக்காவின் கால்கள் முதல் தடவையாக நின்றன. "யாரு?"

"பதினொன்னு பத்துக்குத் தெரியும்."

*

காலியான பதினாலாவது போர்ட்டில் ஸ்டோர் ரூமிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய பிரிண்டரைச் சொருகியிருந்தாள். அது காகிதம் துப்பாத பிரிண்டர். இன்று அதற்குப் பலி ஆடு வேலை.

அடுத்து, இந்த ஸ்விட்சுக்கு வெளியிலிருந்து வரும் எல்லாவற்றிலும் ஒரு நகல் தன் லேப்டாப்புக்கு வரும்படி ஏற்பாடு செய்தாள். கட்டளை வந்தால், எங்கிருந்து வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பதினொன்று ஐந்து. லேப் அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஆயிரம் வேலை இருக்கு" என்றாள். எழுந்திருக்கவில்லை.

பதினொன்று எட்டு.

சின்னவள் பதினாலாவது விளக்கையே பார்த்தாள். அண்ணனாக இருக்கக் கூடாது என்று ஒரு மனசு. அண்ணனாக இருந்தால், அவன் எங்கேயோ உயிரோடு, நினைப்போடு இருக்கிறான் என்று ஒரு மனசு.

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவன் டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினான். என் அப்பாவுக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லை, சோதித்துப் பாருங்கள் என்று. சோதித்தார்கள். அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். விடிந்தபோது அப்பாவுக்கு வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. பக்கவாதம்.

இதே ஆஸ்பத்திரியில்தான் நாற்பது நாள் படுத்திருந்தார். பெரியவன் இதே கட்டடத்தில் வேலை பார்த்தான். ஒரு நாள்கூட அப்பா இருந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அப்பா வீடு திரும்பிய வாரமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபின் அப்பா வீட்டில் தட்டுத்தடுமாறிச் சொன்ன முதல் முழு வாக்கியம், "அவன்... இந்த வாசப்படி... மிதிக்கக் கூடாது."

"ஏய், அணைஞ்சுடுச்சு!" லேப் அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பதினாலாவது விளக்கு இருட்டாக இருந்தது. கடிகாரத்தில் பதினொன்று பத்து.

சின்னவள் திரையை உருட்டினாள். வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றே ஒன்று கட்டளை. பதினாலாவது போர்ட்டை அணை. இந்தப் பழைய முறையில் பாஸ்வேர்டைப் பூட்டி அனுப்பும் வழக்கம் இல்லை. தபால் அட்டையில் எழுதியது போல எல்லார் கண்ணிலும் படும்படிதான் வரும்.

டிரைவர்2316.

அப்பா கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் டிப்போ நம்பர்.

சின்னவள் அந்த எண்ணையே பார்த்தாள். லேப் அக்கா திரையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"உங்க அப்பா டிரைவர்தானே?" என்றாள் மெதுவாக.

"ம்."

"உங்க அண்ணன்தானே உனக்கு முன்னாடி இங்க இருந்தது?"

"ம்."

லேப் அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

*

"எங்கிருந்து பண்றான்னு தெரியுமா?"

"அனுப்பின மெஷினோட அடையாள நம்பர் இதுலயே இருக்கு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே ஒட்டிக்கிட்டு வர்ற நம்பர்." சின்னவளின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. பயம் ஒரு பக்கம் இருக்க, தேடும் ஆசை அதை முந்திக்கொண்டது. "ஒவ்வொரு ஸ்விட்சும் எந்த நம்பர் தன்னோட எந்த போர்ட் வழியா வருதுன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டே போகலாம்."

மூன்றாவது மாடி ஸ்விட்சைக் கேட்டாள். இந்த நம்பரை எந்தப் பக்கம் பார்த்தாய்? இருபத்து நாலாவது போர்ட். அது கீழே முதல் மாடிக்குப் போகிற இணைப்பு.

முதல் மாடியில் இருக்கும் பெரிய ஸ்விட்சைக் கேட்டாள். ஒன்பதாவது போர்ட்.

"ஒன்பதாவது போர்ட் வெளியே இன்டர்நெட்டுக்குப் போகலை அக்கா." குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "அது அடித்தளத்துக்குப் போகுது. கட்டளை நம்ம கட்டடத்துக்குள்ளேயிருந்தே வருது!"

அடித்தளத்தில் இருந்த சின்ன ஸ்விட்சைக் கேட்டாள். மூன்றாவது போர்ட்.

"அங்கே என்ன இருக்கு?"

"பழைய கோப்பு அறை."

"உங்க அண்ணன் அங்கே ஒளிஞ்சுக்கிட்டா இருக்கான்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியில் இறங்கினார்கள்.

*

கோப்பு அறையில் டியூப் லைட் மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. கூரை வரை இரும்பு ரேக்குகள். பழைய நோயாளிகளின் கோப்புகள் வயிறு புடைத்துக் கிடந்தன. ஆள் யாரும் இல்லை.

சுவரில் இருந்த மூன்றாவது கேபிளைப் பிடித்துக்கொண்டே சின்னவள் நகர்ந்தாள். கேபிள் ரேக்குக்குப் பின்னால் போனது, ஓர் உடைந்த சக்கர நாற்காலியைச் சுற்றியது, ஒரு மேஜைக்கு அடியில் நுழைந்தது.

மேஜைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. மேலே விரல் கனத்துக்குத் தூசி. முன்னால் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

'தயவுசெய்து அணைக்காதீர்கள்.'

பெரியவனின் கையெழுத்து. 'து'வையோ 'தீ'யையோ யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரியவனின் 'க்' மட்டும் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டு வருஷமாவா ஓடிக்கிட்டிருக்கு?" லேப் அக்கா வாயில் கை வைத்தாள். "பெருக்க வர்றவங்க, பெயின்ட் அடிக்க வந்தவங்க, யாருமேவா அணைக்கலை?"

"தயவுசெய்துன்னு எழுதியிருக்கானே அக்கா."

பக்கத்து அறையிலிருந்து ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கி வந்து சொருகினாள். திரை வெளுத்தது. பாஸ்வேர்டு கேட்டது. டிரைவர்2316 என்று அடித்தாள். திறந்தது.

உள்ளே தினசரி வேலைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் இரண்டே வேலை. காலை 11.10க்கு மூன்றாவது மாடி, பதினாலாவது போர்ட், அணை. 11.40க்கு அதே போர்ட், போடு. இதைச் செய்யும் நிரல் ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. அதைத் திறந்தாள். கட்டளைகளுக்கு மேலே, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகும் இடத்தில், பெரியவன் தனக்காகக் குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"போர்ட் பதினாலு, ஹால் டிவி. நிகழ்ச்சி இந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது. பக்கத்து அறையில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி, 11.10 முதல் 11.40. டிவி சத்தத்தில் அவருக்கு டீச்சர் சொல்வது கேட்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். குறைப்பார்கள், மறுபடி கூட்டுவார்கள். அதனால் இது. அப்பா வீட்டுக்குப் போனதும் எடுத்துவிட வேண்டும்."

லேப் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்த டிவியா! அட கடவுளே, அது டெய்லி பதினொரு மணிக்கு மேல படுத்துக்குமே! ஹால் வாட்ச்மேன் அதைத் தட்டாத தட்டு இல்லை. அரை மணி நேரம் தட்டுவாரு, வந்துடும். தன் கைராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு மனுஷன்!"

சின்னவள் சிரிக்கவில்லை. குறிப்பு முடியவில்லை. கீழே நாள் நாளாக வரிகள் இருந்தன.

"ஆறாம் நாள். ஹாலில் சுவரோரம் நின்றால் நன்றாகக் கேட்கிறது. 'த' மட்டும் வருகிறது.

ஒன்பதாம் நாள். தண்ணி என்றார்.

பதினைந்தாம் நாள். கதவு. சாவி. கிளாஸ். கிழமை கேட்டதற்குத் தப்பாகச் சொன்னார், ஆனால் சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள். டீச்சரைத் திட்டினார். தெளிவாகத் திட்டினார்.

முப்பதாம் நாள். உள்ளே போகலாமா என்று நினைத்தேன். என்னைப் பார்த்தால் மறுபடி பிரஷர் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னதால் போகவில்லை.

முப்பத்தெட்டாம் நாள். வீட்டில் இருப்பவர்கள் பெயரை எல்லாம் டீச்சர் கேட்டார். அம்மா பெயர் சொன்னார். தங்கச்சி பெயர் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்."

அதற்குமேல் குறிப்பு இல்லை. எடுத்துவிட வேண்டும் என்று எழுதியவன் எடுக்காமலே போய்விட்டான்.

லேப் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள்.

*

இரண்டு மணிக்கு நிர்வாகியின் அறையில் சின்னவள் நின்றாள். வெளியே சோபாவில் பாதுகாப்பு நிபுணர்கள் இருவர் காத்திருந்தார்கள்.

"பழைய நிரல்னு மட்டும் சொல்லு. பேரை எதுக்கு இழுக்குற?" என்று படியேறும்போதே லேப் அக்கா சொல்லியிருந்தாள். சின்னவள் பேரை இழுத்தாள்.

"நேத்து நான் பொய் சொன்னேன் சார். அந்த பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். நிரலை நிறுத்திவிட்டதையும், எல்லா ஸ்விட்சிலும் அந்தப் பாஸ்வேர்டை நீக்கிவிட்டு, ரகசியமாகப் பூட்டி அனுப்பும் புது முறைக்கு மாற்றத் தொடங்கியிருப்பதையும் சொன்னாள். இரண்டு வருஷம் அதை மாற்றாமல் விட்டது தன் தப்பு என்றும் சொன்னாள்.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார். "ஆஸ்பத்திரி சொத்தை வெச்சு, யாருகிட்டயும் கேட்காம, டிவியை அணைச்சிருக்காரு."

"ஆமா சார்."

"மூணு நாள் லேப் படுத்ததுக்கு அதுதான் காரணம்."

"டிவி இருந்த ஓட்டையில என் மெஷினைக் கொண்டுபோய்ச் சொருகினது யாரு சார்?" லேப் அக்கா கதவருகே நின்றபடி கேட்டாள். "நீங்க அனுப்பின ஆளுங்க. அந்த ஓட்டையில என்ன வேலை ஓடுதுன்னு யாராவது பார்த்தாங்களா?"

நிர்வாகி அவளையும் பார்த்தார், சின்னவளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார்.

"அவங்களைத் திருப்பி அனுப்பிடறேன். ஆனா ஃபைலை மூட எனக்கு ஒரு காகிதம் வேணும். என்ன பண்ணேன், ஏன் பண்ணேன்னு உங்க அண்ணனே எழுதிக் கையெழுத்துப் போடணும். சனிக்கிழமைக்குள்ள. வரலைன்னா நான் மேலிடத்துக்கு அனுப்பித்தான் ஆகணும். அங்கே போனா அவங்க என்ன செய்வாங்களோ, அது என் கையில இல்லை."

"சரி சார்" என்றாள். அண்ணனின் பழைய நம்பர் எப்போதோ செத்துப்போனது. விலாசம் தெரியாது. எந்த ஊர் என்பதுகூட உறுதியாகத் தெரியாது.

மூன்றாவது மாடிக்குத் திரும்பி, மிச்சமிருந்த வேலையை முடித்தாள். புது முறைக்கு மாற்றும்போது ஸ்விட்சைப் பற்றிய பொதுவான விவரங்களை எல்லாம் ஒரு தடவை கேட்டு எழுதி வைப்பது வழக்கம். பெயர் என்ன? மூன்றாவது மாடி, ஒன்று. எங்கே இருக்கிறாய்? ஹால், கிழக்குச் சுவர்.

ஏதாவது என்றால் யாரைத் தொடர்பு கொள்வது?

அதற்கும் பதில் வந்தது. பெரியவனின் பெயர். பக்கத்தில் ஒரு போன் நம்பர். ஆஸ்பத்திரி நம்பர் இல்லை. செத்துப்போன பழைய நம்பரும் இல்லை.

இரண்டு வருஷமாக அவள் இந்த ஸ்விட்சிடம் நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை.

*

வீடு பத்து நிமிஷ நடைதான். அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. வழக்கமாக அப்பா குட்டித் தூக்கம் போடும் நேரம். இன்று தூக்கம் வரவில்லை போல. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையை நீவிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன... சீக்கிரம்?" என்றார் அப்பா.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. போர்ட், கட்டளை என்று தொடங்கினால் அப்பாவுக்குப் புரியாது. அதனால் நேராகக் கேட்டாள்.

"அப்பா, ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி அறைக்குப் பக்கத்துல ஹால் இருந்துச்சே, அந்த டிவி ஞாபகம் இருக்கா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. "சனியன்... பிடிச்ச... டிவி." பிறகு கை நின்றது. "ஆனா... நின்னுடும். டீச்சர் வந்ததும்... நின்னுடும். யாரோ... புண்ணியவான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த அரை மணிதான்... என் குரல்... எனக்குக் கேட்கும்."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சின்னவள் போனை எடுத்தாள். கோப்பு அறைத் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தண்ணி. கதவு. சாவி. டீச்சரைத் திட்டியது வந்தபோது அப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. முப்பதாம் நாளை மெதுவாகப் படித்தாள். முப்பத்தெட்டாம் நாளைப் படிக்க வேண்டாம் என்று நினைத்தாள். படித்தாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுவருக்கு... அந்தப் பக்கமா... நின்னான்?"

"ஆமாப்பா. தினமும்."

"கதவு... திறந்துதான்... இருந்தது" என்றார் அப்பா. அதைக் கோபமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள அவன் கையெழுத்து வேணும்பா. இல்லைன்னா அவனுக்குப் பிரச்சினை ஆயிடும். அவனோட நம்பர் ஒண்ணு கிடைச்சிருக்கு. பழசா, புதுசா, வேலை செய்யுதான்னு தெரியலை." கையில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "ஒன்பது, ஆறு, பூஜ்யம், நாலு..."

"...அஞ்சு, ஏழு, ஏழு, ரெண்டு, ஒண்ணு, எட்டு" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போல அவள் முகம் வெளிறியது.

சின்னவள் கையைப் பார்த்தாள். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

"அம்மா?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "என்னை என்ன வேணாலும் சொல்லுங்க" என்றாள். "பெத்தவளால முடியலை."

அப்பா இடது கையை நீட்டினார். சின்னவளின் போனுக்காக இல்லை. சுவரலமாரியில் இருந்த அம்மாவின் போனுக்காக. சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். அவள் கையில் எழுதியிருந்ததைப் பார்த்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாக அவரே அழுத்தினார். ஏழாவது எண்ணில் விரல் தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். அம்மா உதவி செய்ய ஓரடி வைத்து, நின்றுகொண்டாள்.

ரிங் போனது. ஒன்று. இரண்டு. ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது ரிங்கில் எடுக்கப்பட்டது.

"சொல்லும்மா" என்றது பெரியவனின் குரல். பின்னால் எங்கேயோ வண்டிகளின் இரைச்சல். "அப்பா தூங்கிட்டாரா?"

அப்பாவுக்கு வார்த்தை வாயில் உருண்டது.

"தூங்... கலைடா" என்றார்.

அந்தப் பக்கம் வண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் போனை வைக்கவில்லை.